உடலில் செல் (எறிகணை) துண்டோடு கிளினிக்குக்குப் போவோர் ஆயத்தமாகும் முறை

அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போர் வீரர் ஓடி மேர்பியின் பெயரில் சான் அன்ரோனியோ நகரில் முன்னாள் படையினருக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. படையினரின் உடலில் தங்கிய உலோகத் துண்டுகளைக் கண்காணிப்பதற்கு 2008 முதல் பால்ற்றிமோரில் தனி நிலையமும் உண்டு. ஆனால் இலங்கையின் வன்னியில் முன்னாள் போராளியும், பதுங்குகுழிக்குள் காயப்பட்ட தாயும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ மாஞ்சோலையிலோ எல்லோருடனும் ஒரே வரிசையில்தான் இருக்கிறார்கள். எதிரே இருக்கும் இளம் வைத்தியருக்கு உங்கள் காயத்தின் கதை தெரியாது. 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலைகளில் எழுதித் தந்த காகிதத் துண்டுகள் பலரிடம் இன்று இல்லை. ஆகையால் அந்தக் கதையை நீங்களே எழுதிக் கொண்டுபோக வேண்டும்.

கொப்பித் தாள் ஒன்றில், காயப்பட்ட ஆண்டு, செல்லா சன்னமா மிதிவெடியா என்பது, உடலின் எந்த இடம், என்ன சத்திரசிகிச்சை நடந்தது, எது எடுக்கப்பட்டது, எது உள்ளே விடப்பட்டது, எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பவற்றை எழுதுங்கள். யாருடன் நின்றபோது காயப்பட்டீர்கள் என்பது சிகிச்சைக்குத் தேவையில்லை. அதை எழுத மனமில்லாவிட்டால் விட்டுவிடலாம். பிறகு நல்ல வெளிச்சத்தில் தழும்புகளை விரலால் தடவிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒன்று தோலுக்குள் நழுவினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்றே படம் இருந்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அரிசிக் குறுணல்போல வெள்ளையாகத் தெரிபவைதான் துண்டுகள்.

இதில் மிக முக்கியமானது எம்.ஆர்.ஐ. ஸ்கான். அந்த இயந்திரம் மிக வலிய காந்தம் என்பதால், உடலிலுள்ள இரும்புத் துண்டு அதற்குள் அசையவோ சூடேறவோ கூடும்; கண்ணுக்குள் இருந்தால் பார்வையே போகலாம், மூளைக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருந்தாலும் ஆபத்துத்தான். ஆகவே யாரும் கேட்கும்வரை காத்திராமல், படுக்கையில் ஏறுமுன் "எனக்குள் செல் துண்டு இருக்கிறது, முதலில் எக்ஸ்றே எடுத்துப் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்றேக்கும் சி.ரி. ஸ்கானுக்கும் இந்த ஆபத்து இல்லை.

எல்லாத் துண்டையும் எடுத்தாக வேண்டும் என்றில்லை, எடுக்கும்போது நரம்பு அறுபடுவது துண்டைவிடக் கெடுதியாகலாம். ஆனால் பழைய தழும்பு சிவந்து சுடுவது, சீழ் வடிவது, காய்ச்சல், புதிதாக ஏற்படும் விறைப்பு, பலவீனம் ஆகியவை வந்தால் கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். மூட்டுக்குள் ஈயச் சன்னம் தங்கியிருந்தால், மூட்டு நீரில் ஈயம் கரைந்து இரத்தத்தில் சேரக்கூடும் என்பதால், இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதிக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். தலைக்காயத்துக்குப் பின் வலிப்புக் குளிசை எடுப்பவர்கள், சுகமாகிவிட்டது என்று தாமாக அதை நிறுத்தவே கூடாது.

எழுதிய தாளைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒட்டிவிட்டு, அதன் பிரதி ஒன்றை மனைவியிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ கொடுத்து வையுங்கள். ஏ9 வீதியில் விபத்துப்பட்டு நினைவில்லாமல் கொண்டுபோகப்பட்டால், ஸ்கான் அறை வாசலில் உங்களுக்காக அதைக் காட்ட வேண்டியவர் அவர்தான்.