அளவுரு எதுவானாலும் செல்லும் மேல்வரம்பு: அலைவுத் தொகையீடுகளைக் கையாளும் முறை

கடலூர் துறைமுகத்தை விட்டுக் கடலுக்குள் போகும் விசைப்படகின் பின்னால் அலை ஆப்பு வடிவில் விரியும். ஆழ்நீரில் அது பக்கத்துக்குச் சுமார் 19.5 பாகை, இயற்பியலாளர் கெல்வின் 1887இல் கணக்கிட்டது. அலையின் உயரத்தைத் தருவது ஒரு அலைவுத் தொகையீடு, அதாவது வேகமாக ஏறி இறங்கும் சார்பின் தொகையீடு; பார்க்கும் கோணம் அதன் அளவுரு. தூரம் 8 மடங்கானால் ஆப்பின் உள்ளே உயரம் ஏறக்குறைய 2.8இல் ஒரு பங்காகும். விளிம்பிலோ பாதிதான் குறையும். எல்லாக் கோணங்களுக்கும் ஒரே வரம்பு கேட்டால், விளிம்பு சொல்வதுதான் சட்டம்.

இதே சிக்கலுள்ள எளிய மாதிரி: எக்ஸ் −1 முதல் 1 வரை போக, கொசைன் லாம்டா(எக்ஸ் கனம்/3 − எஸ் எக்ஸ்) என்பதன் தொகையீடு. லாம்டா 1க்குக் குறையாதது, எஸ் அளவுரு. அடைப்புக்குள் இருப்பதைக் கட்டம் என்போம்.

எடுத்த எடுப்பில் மட்டு மதிப்பு போடாதீர்கள். போட்டால் வரம்பு 2 என்று நின்றுவிடும். அலைவால் வரும் ஆதாயம் முழுக்கப் போய்விடும்.

தேவையான கருவி வான் டெர் கார்புட்டின் துணைத்தேற்றம். கட்டத்தின் முதல் வகைக்கெழு ஓரியல்பாகவும் (ஏறுவதாகவோ இறங்குவதாகவோ மட்டும்), மட்டு மதிப்பில் மியூ என்ற நேர்ம எண்ணுக்குக் குறையாமலும் இருந்தால் வரம்பு 3/(லாம்டா மியூ). பகுதித் தொகையிடலில் 1/(லாம்டா மியூ) மடங்கில் முனைகள் 2, மீதித் தொகையீடு 1. ஓரியல்பு இல்லையென்றால் அந்த 1 கிடைக்காது. விடைத்தாள்களில் அதிகம் விடுபடும் நிபந்தனை இதுதான். இரண்டாம் வகைக்கெழு மட்டு மதிப்பில் 1க்குக் குறையாதபோது, முதல் வகைக்கெழு மட்டு மதிப்பில் டெல்டா என்ற சிறு எண்ணைவிடச் சிறிதாகும் பகுதியின் நீளம் 2 டெல்டாவைத் தாண்டாது. அதை வெட்டினால் 2 டெல்டா + 6/(லாம்டா டெல்டா). டெல்டாவை 1/√லாம்டா என வைத்தால் 8/√லாம்டா. 1க்குப் பதில் மியூ என்றால் 8/√(லாம்டா மியூ). இடைவெளியின் நீளம் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி நம் தொகையீடு. எஸ் நேர்மமானால் முதல் வகைக்கெழு ±√எஸ் புள்ளிகளில் சுழியாகும். அங்கே இரண்டாம் வகைக்கெழுவின் அளவு 2√எஸ். அதை நம்பி வரம்பு எழுதினால் மாறிலியின் பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, எஸ்ஸின் நாலாம்படி மூலம் உட்காரும். எஸ் சுழியை நெருங்க மாறிலி வெடிக்கும். தனித்தனி எஸ்ஸுக்கு அது சரிதான், எல்லா எஸ்ஸுக்கும் ஒன்றாகச் செல்லும் சீரான வரம்பு ஆகாது.

இரண்டாம் வகைக்கெழு 2 எக்ஸ். அதில் எஸ் கிடையாது. அங்கேதான் பிடி. −டெல்டா முதல் டெல்டா வரை வெட்டி, அந்த 2 டெல்டாவை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். மற்ற இரு துண்டுகளிலும் மியூ = 2 டெல்டா; இரண்டும் சேர்ந்து 16/√(2 லாம்டா டெல்டா). டெல்டாவை 1/லாம்டாவின் கனமூலமாக எடுத்தால் மொத்தம் 13.4/லாம்டாவின் கனமூலத்தைத் தாண்டாது. லாம்டா பத்து லட்சமானால் 0.134. லாம்டா 1000இல் 1.34தான் வரும், வெறும் 2ஐவிடப் பெரிய லாபமில்லை. முறை தவறென்று அதற்காக நினைக்க வேண்டாம்.

கனமூலத்தைவிட நல்ல அடுக்கு வருமா என்று தேடி அலைய வேண்டாம். எஸ் = 0 போட்டு, எக்ஸை லாம்டாவின் கனமூலத்தால் பெருக்கிப் பிரதியிட்டால் உண்மை அளவே அதுதான் என்று தெரியும்.

கொசைனுடன் வேறொரு சார்பு பெருகியிருந்தால், வலமுனையில் அதன் மட்டு மதிப்பையும், அதன் வகைக்கெழுவின் மட்டு மதிப்புத் தொகையீட்டையும் கூட்டி வரம்பைப் பெருக்குங்கள். அந்தக் கூட்டுத்தொகையும் எஸ்ஸைச் சாராமல் அடங்குகிறதா என்று தனியே காட்ட வேண்டும்.