கேன் லைன் பழுது: பெட்டியைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏற்றும் சின்ன லாரி ஒன்று போன மழைக்காலத்தில் என்னிடம் வந்தது. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு விட்டு விட்டு எரிகிறது. ஸ்பீடோமீட்டர் முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே படுத்துவிடுகிறது. ஸ்கேனரைப் போட்டால் யு0121 என்ற பழுதுக் கோடு (code), அதாவது ஏபிஎஸ் மாட்யூலோடு, அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு, தொடர்பு இல்லை. "இன்னாண்ணா, புதுப் பெட்டி போட்டும் அதே லைட்டு எரியுது" என்றார் ஓட்டுநர். ஏற்கெனவே வேறொரு பட்டறையில் மாட்யூலையே மாற்றியிருந்தார்கள். பழையதை எங்கே என்று கேட்டேன். எடைக்குப் போட்டாயிற்றாம்.

வண்டியின் மாட்யூல்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர்தான் கேன் லைன். அந்தப் பேச்சு நின்றால் யு என்று தொடங்கும் கோடு வரும். அந்தக் கோடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். கோடில் யார் பெயர் இருக்கிறதோ அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம். ஆனால் அந்தக் கோடை எழுதியது ஏபிஎஸ் மாட்யூல் அல்ல. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசிஎம் பெட்டியோ மீட்டர் கிளஸ்டரோ எழுதியது: "அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை." அவன் செத்திருக்கலாம், சாப்பாடு இல்லாமல் மயங்கியிருக்கலாம், இடையில் வயர் அறுந்திருக்கலாம். கேட்காதவனுக்கே காது அடைத்திருக்கலாம்.

அதனால் ஒரே ஒரு மாட்யூலைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். வண்டியில் இருக்கும் எல்லா மாட்யூலையும் ஸ்கேன் செய்து, யார் யாரைக் காணோம் என்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாரும் ஒருவரையே காணோம் என்றால், அந்த ஒருவரின் சப்ளை, எர்த், அவருக்குப் பிரியும் கிளை வயர் மூன்றையும் பாருங்கள். ஒருவர் மட்டும் மற்ற எல்லாரையும் காணோம் என்றால், அவருடைய கிளையிலோ அவருக்குள்ளேயோ கோளாறு. எல்லாரும் எல்லாரையும் காணோம் என்றால் மெயின் லைன். இந்தத் தாள் வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். பாதி வண்டிகளில் பழுது எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

கோடைப் படித்ததும் அழித்துவிடுவது அடுத்த தவறு. அழித்துவிட்டு மறுபடி வருகிறதா பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு முன் செல்போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். கூடவே பேட்டரியையும் பாருங்கள். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர்கள் மணிக்கணக்கில் சாவி ஆனிலேயே ஃபேனும் பாட்டுமாக நிற்கும். பிறகு செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் சரிய, ஆளாளுக்கு "காணோம், காணோம்" என்று எழுதி வைத்துவிடுவார்கள். அவை பழைய கதை. ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12.2-க்குக் கீழே இருந்தால், முதலில் சார்ஜ் போடுங்கள். 24 வோல்ட் வண்டியில் இந்தக் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இனி 60 ஓம்ஸ். நம் தொழிலில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட எண் இதுதான் என்பேன். கேன் லைனில் ஹை, லோ என்று இரண்டு வயர்கள், ஒன்றோடொன்று முறுக்கியவை. மெயின் லைனின் இரு முனையிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. இரண்டும் இணையாக நிற்பதால் நடுவில் அளந்தால் 60 வரும். 120 வந்தால் ஒரு முனை காணாமல் போயிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டன. இதுவரை எல்லாருக்கும் தெரியும்.

தவறு எங்கே நடக்கிறது? பேட்டரி இணைப்பில் இருக்கும்போதே அளக்கிறார்கள். லைனில் வோல்டேஜ் ஓடும்போது ஓம்ஸ் மீட்டர் காட்டுவது வெறும் உளறல். நெகட்டிவைக் கழற்றி, மாட்யூல்கள் அடங்கச் சில நிமிடம் விட்டு அளங்கள். அப்போது 60 வந்தாலும் "லைன் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட முடியாது. கிளை வயர் அறுந்தாலும் 60 வரும். ஒரு வயர் மட்டும் பாடியில் உரசி ஷார்ட் ஆனாலும் 60 வரும்.

இன்னொரு பொறி, புது வண்டிகளில் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, செய்திகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடத்தும் கேட்வே என்ற பெட்டி. அப்படிப்பட்ட வண்டியில் 6, 14 பின்களில் நீங்கள் அளப்பது ஸ்கேனருக்கும் கேட்வேக்கும் இடையிலான துண்டை மட்டும்தான். இன்ஜின் லைன், பிரேக் லைன் எல்லாம் அந்தப் பக்கம். வாசல் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் எல்லாரும் சுகம் என்று சொல்வது மாதிரி. அந்த மாடலின் வயரிங் டயகிராம் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கனரக லாரிகளில் பெரும்பாலும் 9 பின் வட்டக் கனெக்டர் இருக்கும். அதில் சி ஹை, டி லோ.

சாவி ஆன் செய்து வோல்டேஜும் பார்க்க வேண்டும். பேச்சு இல்லாதபோது இரண்டு வயரும் 2.5 வோல்ட். பேசும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் ஹை 2.5-க்குச் சற்று மேலேயும் லோ சற்றுக் கீழேயும் தெரியும், இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5. ஏதாவது ஒன்று பூஜ்ஜியத்திலோ பேட்டரி வோல்டிலோ அசையாமல் நின்றால் ஷார்ட். நொடிக்குள் வந்து போகும் கோளாறு மீட்டரில் சிக்காது, அதற்கு வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும்.

மீன் வண்டிக்கு வருகிறேன். என் தாளில் எல்லாரும் ஏபிஎஸ்ஸைத்தான் காணோம் என்றார்கள். ஏபிஎஸ்ஸோ, பேச வந்த நேரத்தில், தன் மெமரியில் 'வோல்டேஜ் குறைவு' என்று எழுதி வைத்திருந்தது. பெட்டியை மாற்றியவர்கள் எர்த்தையும் பார்த்ததாகச் சொன்னார்கள். பொய்யில்லை, ஓம்ஸில் பார்த்திருக்கிறார்கள். நானும் வைத்துப் பார்த்தேன், 0.3 ஓம்ஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓம்ஸ் மீட்டர் அனுப்பும் கரண்ட் கொசுறு. நூறு இழையில் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது போய் வந்துவிடும். லோடு கொடுத்து வோல்டேஜ் டிராப், அதாவது கரண்ட் ஓடும்போது வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை மாட்யூலின் எர்த் பின்னில். ஸ்கேனர் வழியாக ஏபிஎஸ் பம்ப் மோட்டாரை ஓட விட்டேன். 1.8 வோல்ட். 0.1-ஐத் தாண்டினாலே நான் சந்தேகப்படுவேன்.

சேசிஸில் அந்த எர்த் போல்ட் இருந்த இடம், மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வடியும் பாதை. வெளியிலிருந்து பார்த்தால் கிரீஸ் பூசி அழகாக இருந்தது. கழற்றியதும் வயர் முனையில் இருக்கும் லக்குக்கு அடியில் பச்சைக் களிம்பு, அதற்குக் கீழே சேசிஸில் துருச் செதில். லக்கை மாற்றி, இரும்பைப் பளபளவென்று தேய்த்து முறுக்கியதும் அதே சோதனையில் 0.04 வோல்ட். பம்ப் ஓடும்போதெல்லாம் எர்த் உயர்ந்து, மாட்யூல் மயங்கி விழுந்து எழுந்துகொண்டிருந்திருக்கிறது. விழுந்த நேரத்தில் அதன் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

ஊசியால் வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கம் நம் பக்கத்தில் பெரிய பாவம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை காற்றிலேயே உப்பு. குத்திய ஓட்டை வழியே ஈரம் இறங்கினால், ஒன்றிரண்டு மழைக்காலத்தில் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகும். கனெக்டரின் பின்புறமாக மெல்லிய புரோபை நுழைத்துப் பாருங்கள். டெஸ்ட் லேம்பைக் கேன் வயரில் வைக்கவே வைக்காதீர்கள்.

அறுந்த வயரைச் சேர்க்கும்போது முறுக்கை விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு வயரிலும் சமமாக விழுந்தால்தான், இரண்டின் வித்தியாசத்தைப் படிக்கும் மாட்யூலை அது பாதிக்காது. அதற்குத்தான் முறுக்கு. அவிழ்ந்த இடம் 5 சென்டிமீட்டரைத் தாண்டாமல், சால்டர் வைத்தோ தரமான கிரிம்ப் போட்டோ, ஹீட் ஷ்ரிங்க் சுற்றி, பழையபடி முறுக்கி விடுங்கள்.

பிறகு, வண்டியோடு வராத சாமான்கள். ஜிபிஎஸ் டிராக்கர், டீசல் சென்சார், ரிவர்ஸ் கேமரா, ரிமோட் லாக். கேன் லைனில் கிள்ளி ஒட்டிய டிராக்கர் ஒன்று போதும், மொத்த லைனையும் ஊமையாக்க. எந்தப் பெட்டியையும் சந்தேகிக்கும் முன் இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மாட்யூலைக் கழற்றிப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: சில மாட்யூல்களுக்குள்ளேயே அந்த 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கும், எடுத்தால் லைன் 120 காட்டத்தான் செய்யும்.

மணலி, மாதவரம் பக்கம் டிரெய்லர் பாடியில் வெல்டிங் அடிக்கும்போது பேட்டரியைக் கழற்றுவதில்லை. இரண்டு டெர்மினலையும் கழற்றுங்கள். முடிந்தால் ஈசிஎம் கனெக்டரையும். வெல்டிங் எர்த் கிளாம்பை அடிக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டுங்கள், நாலு அடி தள்ளி மாட்டினால் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புதுப்பேட்டை பழைய உதிரி பாகக் கடைகளில் பழைய பெட்டி வாங்கி மாட்டிப் பார்க்கலாமே என்பார்கள். கதவு, ஹெட்லைட் எல்லாம் தாராளமாக அங்கே வாங்கலாம், நானே வாங்குகிறேன். ஈசிஎம் அப்படியல்ல. சேசிஸ் நம்பர், சாவியின் இம்மொபைலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) ஜோடி எல்லாம் அதற்குள் இருக்கும். புரோகிராம் செய்யாமல் மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலும் போகும், புதிதாக நாலு கோடும் சேரும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் நடந்த தவறு, தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பியது. ஈரமான கனெக்டரில் கரண்ட் ஓடினால் பின் அரிக்க நாள் கணக்கே போதும். முதலில் பேட்டரியைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் உள்ள கனெக்டர்களைப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காய வைத்திருக்க வேண்டும். வியாசர்பாடியில் இரண்டு நாள் தண்ணீரில் நின்ற ஒரு கார் மேலுக்குக் காய்ந்து நன்றாகவே ஓடியது. எட்டு மாதம் கழித்துக் கேன் பழுதோடு என்னிடம் வந்தபோது, ஓட்டுநர் காலடியில் இருந்த கனெக்டரை இழுத்தேன். ஒரு பின் கையோடு ஒடிந்து வந்துவிட்டது.