குற்றப்பத்திரத்தைப் படித்த பிறகே வழி தெரிந்தது

இலங்கையின் வன்னியில் எங்கள் ஊரில் எழுந்த எல்லைவேலித் தகராறு ஒன்றுக்காக என் தம்பி நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, 'அடிதடி வழக்கு' என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் விளங்கவில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசும் இல்லாததால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு, வருமான விபரங்களுடன் சென்றேன். அங்கிருந்த சட்டத்தரணி அம்மா முதலில் கேட்டது குற்றப்பத்திரத்தின் பிரதியைத்தான். அதைப் பெற்றுக் கொடுத்ததும், 315 என்ற எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, தண்டனைச் சட்டக்கோவையில் சாதாரண காயத்துக்கு 314ஆம் பிரிவு என்றும், ஆபத்தான ஆயுதத்தால் விளைவித்த காயத்துக்கே 315 என்றும் பொறுமையாக விளக்கினார். தம்பி மண்வெட்டியால் தாக்கினான் என்பதுதான் குற்றச்சாட்டு; ஆனால் அவன் கையில் மண்வெட்டி இருக்கவில்லை என்பதை நேரில் கண்ட அயலவர்கள் இருவர் சாட்சி சொன்னார்கள். ஆயுதக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. முதல் வழக்குத் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட அவன் எண்ணியிருந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.