பழைய எஃப்-150 பிக்கப்பில் ஹீட்டர் கோரை நாமே மாற்றுவது எப்படி?

வெளியே மைனஸ் 20. ஹீட்டரை முழுசாகத் திருப்பியும் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி காற்றுதான் வருகிறது. அல்லது சூடு நன்றாக வருகிறது, ஆனால் கூடவே ஒரு தித்திப்பு வாசனை. முன் கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்கப் பிசுக்காகப் படிகிறது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பு ஈரம். இந்த இரண்டாவது கதை உங்களுடையது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹீட்டர் கோர் (காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது. முதல் கதை என்றால் கொஞ்சம் பொறுங்கள், புது கோருக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை இருக்கிறது.

நான் சொல்லப்போவது 1980 முதல் 1996 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 பற்றி. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1994-க்குப் பிறகு வந்த டாட்ஜ் ராம் பிக்கப்பில் இதே வேலைக்கு ஏசி வாயுவை இறக்கி, ஹீட்டர் பெட்டியையே வெளியே எடுக்க வேண்டும். எஃப்-150-இல் க்ளவ் பாக்ஸைக் (பக்கத்து இருக்கைக்கு முன்னால் டேஷ்போர்டில் இருக்கும் சாமான் பெட்டி) கழற்றினாலே கோர் கண்முன்னால். ஏசி இருந்தாலும் அதைத் தொடத் தேவையில்லை, அதன் பாகம் இன்ஜின் பக்கத்தில் தனியாக இருக்கிறது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

ஹீட்டர் என்பது பெரிய மர்மம் இல்லை. இன்ஜினில் சூடாகும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியே ஓடுகிறது. அதன் மேல் ஃபேன் ஊதுகிறது. அந்தக் குட்டி ரேடியேட்டர்தான் கோர்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு) நுழையும் இரண்டு ஹோஸ்களையும் சட்டென்று தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. ஒன்று சூடு, மற்றொன்று குளிர்ச்சி என்றால் கோர் அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் கொதிக்கிறது, காற்று மட்டும் சில்லென்று வருகிறது என்றால் கோர் நிரபராதி. சூட்டைத் திருப்பும் கேபிளோ அது அசைக்கும் கதவோ கழன்றிருக்கும். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் குறைவு, இல்லையென்றால் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டது. ஃபேன் உச்ச வேகத்தில் மட்டும் ஓடுகிறதா? அது ப்ளோயர் ரெசிஸ்டர் (ஃபேன் வேகத்தைக் குறைக்கும் பாகம்), விலை குறைந்ததுதான்.

வெறும் அடைப்பு என்றால், ஹோஸ்களைக் கழற்றி, தோட்டக் குழாயால் மெதுவாக, வெளியேறும் வழியிலிருந்து தண்ணீர் விட்டுப் பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். வேகமாக விட்டால் பழைய கோர் வெடித்துவிடும்.

கழற்றுவது

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து, ஒரு தட்டில் நாலைந்து லிட்டர் கூலன்டை இறக்குங்கள். அந்தத் தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூலன்ட் இனிக்கும், நாய், பூனை நக்கினால் செத்துப்போகும்.

இனி ஹோஸ்கள். முப்பது வருஷ ரப்பர், கோரின் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். ஒழுகும் கோர் என்றால் கவலையில்லை. ஆனால் கோரைத் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால், ஹோஸைப் பிடித்து முறுக்கி இழுக்காதீர்கள், குழாய் வளைந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டுப் புது ஹோஸ் வாங்குங்கள். ரெண்டு ஹோஸும் ஒரே அளவில்லை: ஒன்று 5/8 அங்குலம், மற்றது 3/4.

கோருக்குள் எப்போதும் கொஞ்சம் கூலன்ட் தங்கும். முதல் முறை நான் இதை மறந்து, கோரைச் சாய்த்து, அரை டம்ளர் பச்சைத் தண்ணீரைத் தரைவிரிப்பில் கொட்டினேன். வசந்தம் வரை வண்டி மணத்தது. ஒரு குழாயில் மெல்லக் காற்று விட்டு மற்றதன் வழியே வெளியேற்றுங்கள். வாயால் ஊத வேண்டாம், அது விஷம். கீழே பிளாஸ்டிக் விரித்து, மேலே பழைய துண்டு போடுங்கள்.

உள்ளே வந்து க்ளவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே தொங்கிவிடும். பின்னால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. அதன் ஸ்க்ரூக்களுக்கு 8 மி.மீ. சாக்கெட் போதும், கூட ஒரு நீட்டிப்பான். மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். கண்ணில் படாத ஸ்க்ரூ ஒன்று எங்கோ மிச்சம் இருக்கிறது. மூடி வந்ததும் கோரை உங்கள் பக்கம் நேராக இழுங்கள்.

பூட்டுவது

புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குழாயின் நீளம், வளைவு, தடிமன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் காய்ந்த இலை, எலிக்கூடு எல்லாம் இருக்கும், வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். கோரைச் சுற்றி ஸ்பாஞ்ச் பட்டை ஒட்ட மறக்காதீர்கள். அது இல்லையென்றால் காற்று கோருக்குள் போகாமல் சந்துவழியே ஓடிவிடும், புது கோர் போட்டும் சூடு வராது.

கோரை உள்ளே தள்ளியதும் பிளாஸ்டிக் மூடியை உடனே பூட்டிவிட வேண்டாம். முதலில் ஹோஸ்களைப் புது கிளாம்ப் போட்டு மாட்டி, கூலன்ட் நிரப்பி, பேட்டரியை இணைத்து, இன்ஜினை ஓட்டி, ஒழுகுகிறதா என்று பாருங்கள். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. அந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கலந்தே விற்பதை வாங்கினால் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். வெவ்வேறு வகைக் கூலன்டைக் கலக்கவும் வேண்டாம்.

அப்புறம் காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் மூக்கு மேடான பக்கம் இருக்கட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, வண்டி நின்றபடியே இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகி, குமிழி நின்றதும் மூடியைப் போடலாம்.

ஒழுகல் இல்லையென்றால் பிளாஸ்டிக் மூடியையும் க்ளவ் பாக்ஸையும் திரும்ப மாட்டுங்கள். இறக்கிய கூலன்டைச் சாக்கடையில் ஊற்றாமல் ஊரின் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, மட்டத்தைப் பாருங்கள். கண்ணாடியில் இன்னும் பிசுக்குப் படிந்தால் பயப்பட வேண்டாம், பழைய கூலன்ட் காற்றுக்குழாயில் ஒட்டியிருக்கும். ஒரு வாரம் துடைத்தால் போய்விடும்.