சென்னை மாநகர பஸ் டிரைவர் ஆவது எப்படி? எல்.எல்.ஆர். தொடங்கி முதல் டூட்டி வரை

டெப்போ வாசல் டீக்கடையில் நின்றால் யாராவது ஒரு தம்பி வந்து கேட்பது வழக்கம்: "அண்ணே, எம்டிசியில டிரைவர் வேலைக்கு எப்ப ஆள் எடுப்பாங்க?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கண்டக்டர் லைசென்ஸ் எடுத்துட்டியா?" பெரும்பாலும் தம்பி முழிப்பார். டிரைவர் வேலைக்குக் கண்டக்டர் லைசென்ஸ் எதற்கு என்று அவருக்குக் குழப்பம்.

விஷயம் இதுதான். 2025 மார்ச்சில் அரசு போக்குவரத்துக் கழகங்கள் எட்டுக்கும் சேர்த்து 3,274 பேரை எடுக்க அறிவிப்பு வந்தது. எம்டிசி எனப்படும் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு மட்டும் 364 இடம். பதவியின் பெயரே 'ஓட்டுநர் உடன் நடத்துநர்', அதாவது டி.சி.சி. விண்ணப்பிக்க மார்ச் 21 முதல் ஏப்ரல் 21 வரை ஒரு மாதம் கொடுத்தார்கள். ஆனால் கண்டக்டர் லைசென்ஸை 2025 ஜனவரி 1-க்கு முன்பே எடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆர்டிஓ ஆபீசுக்கு ஓடியவர்கள் எவ்வளவு நன்றாக வண்டி ஓட்டினாலும் அந்தத் தடவை வெளியேதான். இந்த வேலைக்கான முக்கால்வாசி ஏற்பாடு அறிவிப்பு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதனால் எந்தச் சான்றிதழை எதற்குப் பின் எடுப்பது என்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

2025 அறிவிப்பில் கேட்டவை இவை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. வயது 24 முதல் 40 வரை. பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45 வரை. உயரம் குறைந்தது 160 செ.மீ., எடை 50 கிலோ. ஹெவி லைசென்ஸ், கனரக வாகனம் ஓட்டியதில் 18 மாத அனுபவம், முதலுதவிச் சான்றிதழ், பயணிகள் வண்டி ஓட்டுவதற்கான பொதுப்பணி வாகன பேட்ஜ், கண்டக்டர் லைசென்ஸ். அடுத்த அறிவிப்பில் ஒன்றிரண்டு மாறலாம். ஆனால் இதற்குத் தயாராக இருப்பவர் எதற்கும் தயார்.

கண்ணை இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக நிறக்குருடு. தனக்கு அது இருப்பதே தெரியாமல் பல வருடம் டூவீலர் ஓட்டுபவர்கள் உண்டு. மருத்துவப் பரிசோதனையில் போய் தெரிந்தால் அதுவரை செலவழித்த காசும் காலமும் வீண்.

பெண்கள் தயங்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசு பஸ்ஸின் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்.

படி 2: லைசென்ஸ் ஏணி

மோட்டார் வாகனச் சட்டப்படி பஸ், லாரி போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கான எல்.எல்.ஆர். கேட்கும்போது கையில் கார் லைசென்ஸ் (எல்எம்வி) குறைந்தது ஒரு வருடம் இருந்திருக்க வேண்டும். ஆகவே 18 வயதானதும் பைக்கோடு சேர்த்துக் காருக்கும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். "கார் இல்லையே, எதற்கு?" என்று தள்ளிப் போடுபவர்தான் பின்னால் ஒரு வருடம் சும்மா காத்திருப்பார்.

ஹெவிக்கு அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி எடுத்து, படிவம் 5 என்ற சான்றிதழை வாங்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ-வும் வேண்டும்.

ஸ்கூல் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். பழைய லாரி ஒன்றில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய், ஆளுக்குப் பத்து நிமிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு, "டெஸ்ட்டை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அங்கே லைசென்ஸ் கிடைக்கலாம், கை வராது. முடிந்தால் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை விசாரித்துப் பாருங்கள். போக்குவரத்துக் கழகங்களோடு தொடர்புள்ள நிறுவனம் அது. வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஓட்டுவதற்கும் வெறுமனே ஸ்டீயரிங் திருப்புவதற்கும் இருக்கிற வித்தியாசம் டெப்போவுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

படி 3: கண்டக்டர் லைசென்ஸ், முதலுதவி, பேட்ஜ்

பலரும் மறப்பது இந்த மூன்றைத்தான். முதலுதவிப் பயிற்சியை முதலில் முடியுங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் மற்றதற்கும் உதவும். கண்டக்டர் லைசென்ஸுக்கு 18 வயது போதும், அதனால் ஹெவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஹெவி வந்ததும் பேட்ஜ். எல்லாவற்றுக்கும் ஆர்டிஓ அலுவலகம்தான். விண்ணப்பம் பரிவாகன் தளத்தில்.

எல்லா ஆவணங்களிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளது போலவே இருக்கட்டும். ஆதாரில் 'செல்வகுமார்', லைசென்ஸில் 'செல்வ குமார்' என்று இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு அன்றைக்குத்தான் தலைவலி ஆரம்பிக்கும்.

படி 4: 18 மாத அனுபவம்

இதற்குக் குறுக்கு வழி தேடாதீர்கள். காசு கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பார்கள். சரிபார்ப்பில் மாட்டினால் வேலை போவதோடு நிற்காது, வழக்கும் வரும். தண்ணீர் லாரி, காலேஜ் பஸ், கம்பெனி பஸ், தனியார் ரூட் பஸ் என்று எதிலாவது நிஜமாகவே ஓட்டுங்கள்.

என்னைக் கேட்டால் கம்பெனி பஸ் நல்லது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு பஸ் ஓட்டுபவர்களுக்கு நேரத்தோடு போய்ச் சேரும் பழக்கமும், ஆளை ஏற்றி இறக்கும் பழக்கமும் தானாக வரும். லாரி ஓட்டி வந்தவர்களுக்கு வண்டி மேல் நல்ல பிடி இருக்கும், ஆனால் பிரேக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். மணல் மூட்டை விழுந்தால் சத்தம் போடாது. நின்றுகொண்டு வரும் பாட்டி விழுந்தால் பஸ்ஸே சத்தம் போடும்.

படி 5: விண்ணப்பம், எழுத்துத் தேர்வு

அரசுபஸ் இணையதளத்தில்தான் விண்ணப்பம். 2025-ல் கட்டணம் 1,180 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 590. எந்தக் கழகம் என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கும்பகோணத்துக்கு 756 இடம், சென்னைக்கு 364 என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்னை என்றால் சென்னையில் வாடகை கொடுத்துக் குடியிருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு ஓட்டும் தேர்வு, நேர்காணல். எழுத்துத் தேர்வுக்குப் பாடத்திட்டத்தைத் தரவிறக்கிப் படியுங்கள். சாலை விதி, சாலைக் குறியீடுகளை எல்.எல்.ஆருக்குப் படித்ததோடு விட்டிருப்பீர்கள், மறுபடி எடுங்கள்.

"எனக்கு அங்கே ஆள் தெரியும், இத்தனை லட்சம் கொடுத்தால் போதும்" என்று யாராவது வந்தால் அந்த இடத்திலேயே நடையைக் கட்டுங்கள். இதே துறையில் வேலைக்குப் பணம் வாங்கிய புகார் உச்ச நீதிமன்றம் வரை போனது ஊருக்கே தெரியும். கடன் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு வேலையும் வரவில்லை, வட்டியும் நிற்கவில்லை.

படி 6: ஓட்டும் தேர்வு

வேகத்தை இங்கே யாரும் பார்ப்பதில்லை. வண்டி குலுங்காமல் கிளம்புகிறதா, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருள்கிறதா, ரிவர்ஸில் கண்ணாடியைப் பார்க்கிறீர்களா, சிக்னல் போட்டுத் திரும்புகிறீர்களா என்பதுதான் கணக்கு.

காரிலிருந்து பஸ்ஸுக்கு வருபவர் முதலில் தடுமாறுவது திருப்பத்தில். பஸ்ஸில் டிரைவர் சீட் முன் சக்கரத்துக்கும் முன்னால் இருக்கிறது. காரில் போல, மூலை வந்தவுடன் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பின் சக்கரம் நடைபாதையில் ஏறும். உங்கள் உடம்பு மூலையைத் தாண்டி வெளியே போய்விட்டது போலத் தோன்றும். அதுவரை பொறுத்து, பிறகு திருப்ப வேண்டும். அப்போது பின்பக்க வால் எதிர்ப்பக்கமாக வீசும். இடதுபுறம் திரும்பும்போது வலதுபுறம் ஒட்டி நிற்கும் ஆட்டோவின் கண்ணாடியைக் கழற்றுவது அந்த வால்தான். காலி மைதானத்தில் நாலு செங்கலை வைத்து, பின் சக்கரம் எங்கே போகிறது என்று நண்பரைப் பார்க்கச் சொல்லிப் பழகுங்கள்.

இன்னொன்று ஏர் பிரேக். ஸ்டார்ட் செய்ததும் எடுக்கக் கூடாது. காற்றழுத்த மீட்டர் முள் ஏறும்வரை நில்லுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே வந்தால் காற்று வீணாகும். தூரத்திலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியர் குறைத்து, கடைசியில் மெல்ல மிதித்தால் நிற்கிற பயணிக்கு நின்றதே தெரியாது.

படி 7: டெப்போ, ரூட் பழகுதல்

ஆர்டர் வந்ததும் நீங்கள் நினைத்தது போல உடனே தனியாக வண்டியைக் கொடுத்துவிட மாட்டார்கள். பழைய டிரைவரோடு ரூட் பார்க்க வேண்டும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி போன்ற தடத்தில் ஒரு நடை போய் வந்தாலே பாடம் ஆரம்பமாகிவிடும்.

காலையில் டூட்டி எழுதி, டிரிப் ஷீட் வாங்கி, வண்டியைச் சுற்றி ஒரு நடை. டயர், வீல் நட், ஆயில், தண்ணீர், ஹாரன், வைப்பர், லைட், கதவு. வண்டியில் குறை இருந்தால் கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வழியில் நின்ற பிறகு சொன்னால், "எடுக்கும்போது சரியாத்தானே இருந்துச்சு" என்பார்கள்.

விசில் மொழியைக் காதில் ஏற்றுங்கள்: ஒற்றை விசில் நிறுத்த, இரட்டை விசில் எடுக்க. கூட்டத்தில் விசில் கேட்காதபோது "ஹோல்டான்", "ரைட் ரைட்" என்ற குரல். ஆனால் கண்டக்டர் ரைட் சொல்லிவிட்டார் என்பதற்காக எடுக்காதீர்கள். இடது கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு எடுங்கள். ஓடி வந்து தொத்துபவர், இறங்கி சேலை சிக்கிக்கொண்டு நிற்பவர், நடைபாதைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழையும் பைக்காரர், மூவரும் அந்தக் கண்ணாடியில்தான் தெரிவார்கள். ஸ்டாப்பில் நடைபாதையை ஒட்டி நிறுத்துவதற்கும் இதுவே காரணம்: இடைவெளி விட்டால் பைக் நுழையும். 2024 முதல் வந்திருக்கும் தாழ்தள பஸ்ஸில் இது இன்னும் முக்கியம். ஒட்டி நிறுத்தினால்தான் சக்கர நாற்காலிக்காரர் ஏற முடியும்.

டீசல் கணக்கும் உண்டு. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொரு டிரைவருக்கும் பார்ப்பார்கள். டெப்போவில் 'கேஎம்பிஎல்' என்பார்கள். கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மழை தொடங்கும் முதல் அரை மணி நேரம் ரொம்ப கவனம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஆழத்தைச் சோதிக்கப் போகாதீர்கள். கன்ட்ரோலுக்குச் சொல்லிவிட்டு மாற்று வழி கேளுங்கள். செல்போன்? பையில், சைலன்டில். ஸ்டீயரிங்கில் போன் பேசும் வீடியோ ஒன்று போதும், சஸ்பென்ஷன் ஆர்டர் வீடு தேடி வரும்.

டூட்டி நேரம்

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றது. குறைந்தது அரை மணி இடைவேளை கேட்டது. சட்டம் சொன்னது இது. டிராபிக் சொல்வது வேறு. கடைசி நடை ஒரு மணி நேரம் தாமதமானால் வீடு போய்ச் சேர்வதும் அப்படியே. தீபாவளி, பொங்கலுக்கு ஊரே ஊருக்குப் போகும்; நீங்கள் ஸ்பெஷல் பஸ்ஸில் அவர்களைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அப்புறம், பதவி டி.சி.சி. என்பதால் சில நாள் ஸ்டீயரிங், சில நாள் டிக்கெட் மெஷின். கண்டக்டர் வேலையை இளப்பமாக நினைக்காதீர்கள். சில்லறைக் கணக்கில் துண்டு விழுந்தால் நம் பாக்கெட்டிலிருந்து போகும்.

வேறு வாசல்கள்

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டெப்போவிலிருந்து எலெக்ட்ரிக் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. அவற்றில் கண்டக்டர் கழகத்து ஆள். டிரைவரோ வண்டியை இயக்கும் தனியார் நிறுவனத்து ஆள். ஒப்பந்த நிறுவனங்கள் மூலமும் டிரைவர்கள் எடுக்கப்படுகிறார்கள். அரசு வேலைக்கான சம்பளமோ பாதுகாப்போ இதில் இருக்காது, அதைத் தெரிந்தே போக வேண்டும். கையெழுத்துப் போடும் முன் பிஎஃப், இஎஸ்ஐ உண்டா, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 18 மாத அனுபவத்துக்கும் நகரத்துக்குள் கை பழகுவதற்கும் இது நல்ல வழி.

கடைசியாக ஒன்று: போக்குவரத்து லைசென்ஸ் ஐந்து வருடம்தான் செல்லும். முடியும் தேதியைத் தாண்டி ஒரு நாள் ஓட்டினாலும் விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். ஒரு வருடம் கடந்துவிட்டால் திரும்பவும் டெஸ்ட் போட்டுக் காட்ட வேண்டும். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். பேட்ஜ், கண்டக்டர் லைசென்ஸ் தேதிகளையும் இதோடு சேர்த்து இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.