புதுச்சேரி பட்ஜெட்டை வைத்து பட்ஜெட் படிக்கப் பழகலாம், வாங்க

சென்னையில் இருந்துகொண்டு எதற்குப் புதுச்சேரி பட்ஜெட் என்று தோன்றலாம். தமிழ்நாட்டு பட்ஜெட்டை முதலிலேயே கையில் எடுத்தால் புதியவர்களுக்கு மூச்சு முட்டும். லட்சக்கணக்கான கோடி, ஐம்பதுக்கு மேற்பட்ட மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையிடம் கேட்கிற பணம்), கணக்குக்கு வெளியே நிற்கும் பெரிய வாரியங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கி.மீ. போனால் வரும் புதுச்சேரியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 12.5 லட்சம்தான். அதன் கணக்கை ஒரு வாரத்தில் முழுதாகப் பார்த்துவிடலாம். கோட்டூர்புரம் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பட்ஜெட் புரியவில்லை என்று சொல்லும்போதெல்லாம் நான் அவர்களிடம் கொடுப்பது புதுச்சேரிக் கணக்கைத்தான். 2025-26 பட்ஜெட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: எதைத் திறப்பது?

புதுச்சேரி நிதித்துறையின் இணையதளத்தில் பட்ஜெட் உரை, ஆண்டு நிதிநிலை அறிக்கை, மானியக் கோரிக்கைகள் என்ற மூன்றும் கிடைக்கும். எல்லோரும் உரையைத்தான் முதலில் படிப்பார்கள். நீங்கள் அதைக் கடைசிக்கு வையுங்கள். உரையில் அறிவிப்பு இருக்கும், கணக்கு குறைவாக இருக்கும். கணக்கைப் பார்த்துவிட்டு உரைக்கு வந்தால் எந்த அறிவிப்புக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பக்கத்தைத் திறந்ததும் மேல் மூலையில் அலகு என்ன என்று பாருங்கள். உரையில் கோடி என்பார்கள், உள்ளே ஆயிரத்திலோ லட்சத்திலோ அச்சிட்டிருப்பார்கள். 25 கோடி ரூபாய் லட்சக் கணக்கில் 2,500 என்று நிற்கும், ஆயிரக் கணக்கில் 2,50,000 என்று நிற்கும். நான் ஆரம்பத்தில் இதைக் கவனிக்காமல் இரண்டு நாள் உழைப்பை வீணாக்கியிருக்கிறேன்.

படி 2: பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு தாள் எடுத்து இந்த ஐந்து வரியை எழுதிக்கொள்ளுங்கள். முதல்வர் ரங்கசாமி 2025 மார்ச் 12 அன்று தாக்கல் செய்த பட்ஜெட்டின் எண்கள் இவை.

சொந்த வருவாய் 7,641.40 கோடி
மத்திய அரசின் நிதியுதவி (பேரிடர் நிவாரண நிதி உட்பட) 3,432.18 கோடி
மத்திய அரசுத் திட்டங்களுக்கு வருவது 400 கோடி
மத்திய சாலை நிதி 25 கோடி
கடன் 2,101.42 கோடி

கூட்டிப் பாருங்கள், சரியாக 13,600 கோடி வரும். கூட்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கையால் ஒரு முறை கூட்டிவிட்டாலே எண்களைக் கண்டு வருகிற பயம் பாதி போய்விடும். அப்புறம் நூறு ரூபாய்க் கணக்காக மாற்றுங்கள். அதில் 56 ரூபாய் சொந்தச் சம்பாத்தியம், 25 ரூபாய் டெல்லி தருவது, 15 ரூபாய்க்குச் சற்றுமேல் கடன். மிச்சம் மூன்று ரூபாய் அந்தச் சின்ன இனங்கள்.

இந்த 25 ரூபாயில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு மத்திய வரியில் எவ்வளவு பங்கு என்பதை நிதிக்குழு ஒரு சூத்திரம் வைத்துப் பரிந்துரைக்கிறது. அந்தக் குழுவை அமைக்கச் சொல்கிற அரசியல் சட்டத்தின் 280ஆவது பிரிவு மாநிலங்களைப் பற்றித்தான் பேசுகிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அந்தப் பங்கு அதற்குக் கிடையாது. உள்துறை அமைச்சகம் தன் மானியக் கோரிக்கைகளில் புதுச்சேரிக்கென்று ஒரு தொகையை வைக்கிறது, அவ்வளவுதான். அது கூடுவதும் குறைவதும் டெல்லியின் கையில். அதே புதுச்சேரி ஜி.எஸ்.டி.யில் மட்டும் மாநிலம் போல நடத்தப்படுகிறது, தன் பங்கு வரியைத் தானே வசூலிக்கிறது. வரி வசூலில் மாநிலம், வரிப் பகிர்வில் மாநிலம் இல்லை. இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

படி 3: யார் சம்மதித்தார்கள்?

1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் முன் அனுமதி பெற்ற பிறகே பட்ஜெட்டைப் புதுச்சேரிப் பேரவையில் வைக்க முடியும். நடைமுறையில் கோப்பு துணைநிலை ஆளுநர் வழியாக டெல்லிக்குப் போய்த் திரும்ப வேண்டும். டெல்லி யூனியன் பிரதேச அரசுக்கும் இதே மாதிரி விதி உண்டு. 2023 மார்ச் 21 அன்று வைக்க வேண்டிய டெல்லி பட்ஜெட், இந்த அனுமதி தாமதமானதால் மறுநாள்தான் தாக்கலானது.

அதனால் புதுச்சேரி பட்ஜெட்டில் தேதியைப் பார்ப்பது முக்கியம். 2022-23க்கான முழு பட்ஜெட் ஆகஸ்டில் வந்தது. மக்களவைத் தேர்தல் ஆண்டான 2024-இலும் அப்படித்தான், ஆகஸ்ட் 2. நிதியாண்டு ஏப்ரல் 1-இலேயே தொடங்கிவிடுவதால் இடைப்பட்ட மாதங்களுக்குச் சம்பளம் போட, மருந்து வாங்க, பேரவையில் தனியாக ஒப்புதல் வாங்குவார்கள். அதைத்தான் இடைக்கால பட்ஜெட் என்று நாளிதழ்களில் படிக்கிறோம். முழு பட்ஜெட் தள்ளிப்போனால் புதிய திட்டங்களுக்குக் கிடைக்கிற மாதங்கள் குறையும்.

படி 4: நாலு இலக்க எண்

இந்தப் படி பிடிபட்டுவிட்டால் இந்தியாவில் எந்த அரசின் பட்ஜெட்டையும் படிக்கலாம். ஒவ்வொரு துறைக்கும் நாலு இலக்கக் கணக்குத் தலைப்பு உண்டு, நாடு முழுக்க ஒரே எண்தான். முதல் இலக்கம் 0 அல்லது 1 என்றால் வருவாய் வரவு. 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு, அதாவது சம்பளம், மருந்து, மானியம் போல அன்றாடம் கரைகிற செலவு. 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு, கட்டடம், பாலம் போல நிலைத்து நிற்பது. 6 அல்லது 7 என்றால் கடன்.

மின்சாரத்தை எடுத்துப் பாருங்கள். 0801 வரவு, 2801 நடப்புச் செலவு, 4801 மூலதனச் செலவு. இரண்டாயிரம் இரண்டாயிரமாகக் கூட்டினால் போதும். மருத்துவத்துக்கு 0210, 2210, 4210. பொதுக் கல்விக்கு 2202, காவல்துறைக்கு 2055, வட்டிக்கு 2049, ஓய்வூதியத்துக்கு 2071, கலால் வரவுக்கு 0039. இந்தப் பதினொரு எண்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை நான் சும்மா எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் மின் விநியோகம் தனி நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. புதுச்சேரியிலோ மின்துறை ஓர் அரசுத் துறை. வீட்டுக்காரர் கட்டுகிற கரண்ட் பில் 0801-இல் அரசின் வருவாயாக ஏறுகிறது, வெளியிலிருந்து மின்சாரம் வாங்குகிற செலவு 2801-இல் இறங்குகிறது. ஆகவே 13,600 கோடியைத் தலைக்கு வகுத்து, தமிழ்நாட்டோடு ஒப்பிட்டுப் 'புதுச்சேரி எவ்வளவு செலவழிக்கிறது பார்' என்று சொல்வது தப்பு. ஒப்பிடுவதற்கு முன் மின்சாரத்தை எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு பக்கம், ஜிப்மரைத் தேடினால் கிடைக்காது. நம் ஊரிலிருந்தும் நோயாளிகள் போகிற அந்த மருத்துவமனை மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது, பணமும் அங்கிருந்துதான். புதுவைப் பல்கலைக்கழகமும் மத்தியப் பல்கலைக்கழகம்தான்.

படி 5: செலவை இரண்டாகப் பிரியுங்கள்

2025-26-இல் வருவாய்ச் செலவு 11,624.72 கோடி, மூலதனச் செலவு 1,975.28 கோடி. நூற்றுக்குப் பதினாலரை ரூபாய்தான் மூலதனம். அதையும் அப்படியே கட்டடம், சாலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய கடனின் அசலைத் திருப்பிக் கட்டுவது 6003, 6004 என்ற தலைப்புகளில் வரும். அந்தத் தொகையைத் தேடிக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். வாங்குகிற புதுக் கடனில் எவ்வளவு பழைய கடனுக்கே போகிறது என்பதும் அப்போது புரியும்.

படி 6: பக்கவாட்டில் படியுங்கள்

ஒவ்வொரு தலைப்புக்கும் நேராக நாலு எண் இருக்கும்: 2023-24இன் உண்மைக் கணக்கு, 2024-25இன் பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, 2025-26இன் மதிப்பீடு. கடைசி எண் ஆசை, முதல் எண்தான் நடந்தது. இந்த பட்ஜெட் உரையில் குடும்பத் தலைவிகளுக்கான மாத உதவியை 1,000 ரூபாயிலிருந்து 2,500 ஆக்குவதாக அறிவித்தார்கள். அறிவிப்பு உரையில் இருக்கிறது. அதற்கான தொகை சமூகநலத் தலைப்பு 2235-லும் மகளிர் மேம்பாட்டுத் துறையின் கோரிக்கையிலும் எவ்வளவு ஏறியிருக்கிறது, திருத்திய மதிப்பீட்டில் அது என்ன ஆனது என்று தொடர்ந்து பாருங்கள். உரையை இப்போது திறக்கலாம்.

படி 7: தணிக்கை அறிக்கை

புதுச்சேரி அரசின் கணக்கைத் தணிக்கை செய்கிற அலுவலகம் நம் தேனாம்பேட்டையில், அண்ணாசாலையில் இருக்கிறது. புதுச்சேரியின் நிதிநிலை குறித்து மத்திய தணிக்கைத் துறை தருகிற தணிக்கை அறிக்கையை இணையத்திலேயே இலவசமாக எடுக்கலாம். அதில் 'சேமிப்பு' என்ற சொல்லைத் தேடுங்கள். வீட்டில் சேமிப்பு நல்ல வார்த்தை. இங்கே அது, பேரவை ஒப்புதல் தந்தும் செலவழிக்காமல் விட்ட பணம். நீங்கள் குறிப்பேட்டில் எழுதிய தலைப்புகளில் எது அந்தப் பட்டியலில் வருகிறது என்று பாருங்கள். கல்விக்கான மூலதனத் தலைப்பு 4202-இல் வந்தால் எங்கோ கட்டியிருக்க வேண்டிய வகுப்பறை கட்டப்படவில்லை என்று அர்த்தம். காரைக்காலா, மாஹேயா, ஏனாமா என்று அடுத்து அதைத் தேடுங்கள்.