சிறுவீட்டுப் பொங்கலைப் பேரப்பிள்ளைகள் கையில் கொடுப்பது எப்படி

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் தை மாதத்தில் இரண்டு பொங்கல் உண்டு. தை முதல் நாள் வாசலில் பனையோலை எரித்து இடுகிற பொங்கல் வீட்டுக்குரியது. அதற்குப் பின், காணும் பொங்கலன்றோ தைப்பூசத்தை ஒட்டியோ குடும்பத்துக்குத் தோதான ஒரு நாளில் இடுகிற சிறுவீட்டுப் பொங்கல் பிள்ளைகளுக்குரியது. மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் சாண உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூவைச் செருகி, பின்னர் அந்தச் சாணத்தைப் பூவோடு சேர்த்து எருவாகத் தட்டிக் காயவைப்பார்கள். தையில் களிமண்ணால் ஒரு சின்னஞ்சிறு வீடு கட்டி, அதன் முன்னால் சிறு பானையில் பொங்கலிட்டு, முடிவில் அந்த எருக்களை ஆற்றில் விடுவார்கள். பிள்ளைகளின் கையளவுக்கென்றே அமைந்த இப்படியொரு விழா நம்மிடம் இருக்கும்போது, பேரப்பிள்ளைகளை ஓரமாக உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொல்வது பெரிய இழப்பு.

அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்து முதன்முதலாக இந்த விழாவுக்கு வந்த ஆண்டில், அவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று எண்ணி, சிறுவீட்டை நானே கட்டி, சுண்ணாம்பும் காவியும் பூசி முடித்து வைத்திருந்தேன். பட்டுப்பாவாடை உடுத்தி வந்து படத்துக்கு நின்ற ஐந்து வயதுப் பேத்தி, “ஆச்சி, இது உங்க வீடா, என் வீடா?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு ஆண்டுதோறும் நான் மாற்றிக்கொண்டு வந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாள் குறித்தல்

வீட்டுப் பொங்கலுக்கு நாள் மாறாது. சிறுவீட்டுப் பொங்கலுக்கு மாறும். இந்த வசதியைப் பேரப்பிள்ளைகளுக்காக முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பொங்கல் விடுமுறையில் பெற்றோர் இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் பார்க்க ஓடிக்கொண்டிருப்பார்கள்; அந்த அவசரத்துக்குள் இதையும் திணித்தால் பிள்ளைகள் களைத்துப்போவார்கள். குடியரசு நாள் விடுமுறையும் தை மாதத்திலேயே வருகிறது. 2026ஆம் ஆண்டைப் போல அது திங்கட்கிழமையில் அமைந்தால், சனி, ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் கிடைக்கும். நல்ல நேரம் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் விடியற்காலை நான்கரை மணி என்று குறித்துவிட்டு, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மூன்று வயதுக் குழந்தை அழுகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை. காலை எட்டு மணிக்கு மேல் உள்ள ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பொங்கல் பொங்கி, பூசை முடிந்த பிறகுதான் சாப்பாடு என்ற வழக்கம் பெரியவர்களோடு இருக்கட்டும். சிறு குழந்தைகளுக்கு முன்னதாகவே இரண்டு இட்லி கொடுத்துவிடுங்கள். மகனிடமோ மருமகளிடமோ ஒரு மாதத்துக்கு முன்பே பேசி நாளை முடிவு செய்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

மார்கழிப் பூவில் தொடங்குங்கள்

விழா ஒரு நாளில் நடந்தாலும், அது தன்னுடையது என்ற எண்ணம் குழந்தைக்கு மார்கழியிலேயே வர வேண்டும். அரையாண்டுத் தேர்வு விடுமுறை மார்கழியில்தான் வருகிறது என்பதால், நான்கைந்து நாளாவது பிள்ளைகளை ஊருக்கு அழைத்துக்கொள்ள முடியும். காலையில் பூசணிக்கொடியருகே அழைத்துச் சென்று, ஆண்பூவையும் பெண்பூவையும் பிரித்தறியக் கற்றுக்கொடுங்கள். நீண்ட காம்பின் மேல் தனியாக நிற்பது ஆண்பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ. பிஞ்சுள்ளதைப் பறிக்கக் கூடாது என்ற விதியை ஒருமுறை சொன்னால் போதும், அதன் பிறகு குழந்தையே உங்களைக் காவல் காக்கும். பூவுக்குள் தேனீ இருக்கக்கூடும் என்பதால், நீங்கள் ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுங்கள்.

சாணத்தைத் தொட எல்லாக் குழந்தைகளும் முன்வருவதில்லை. முகம் சுளிக்கிற குழந்தையைக் கட்டாயப்படுத்துவதும், “பட்டணத்துப் பிள்ளை” என்று பிறர் முன்னால் பேசுவதும் வேண்டவே வேண்டாம். உருண்டையை நீங்கள் பிடியுங்கள். பூவை அது செருகட்டும். தொடுகிற பிள்ளைகளுக்கு, கையில் வெட்டுக்காயம் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நகக்கண் வரை சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

வர முடியாத நாள்களிலும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, அன்றைய பூவை அந்தப் பிள்ளையின் பெயரால் வையுங்கள். காணொலி அழைப்பில் கோலத்தைக் காட்டி, பூ எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கோலத்தின் எந்தப் புள்ளியில் இருக்க வேண்டும் என்று கேட்டு, அது சொல்லும் இடத்திலேயே வையுங்கள். எரு காய்ந்ததும் அதன் மேல் சுண்ணாம்பால் பெயரின் முதலெழுத்தை எழுதிவிடுங்கள். தை மாதத்தில் வந்திறங்கியதும், எருக் குவியலில் தன் எழுத்தைத் தேடுவதுதான் என் பேரனுக்கு முதல் வேலையாக இருக்கும்.

வீடு கட்டுதல்

இது தாத்தாவின் பொறுப்பாக இருந்தால் நன்றாக இருக்கும். குளத்துக் கரம்பை மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணலும், பொடியாக நறுக்கிய வைக்கோல் கொஞ்சமும் சேர்த்துப் பிசைந்தால், காயும்போது சுவர் அதிகம் வெடிக்காது. மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் இருந்தால் போதும், சுவர் நான்கு விரற்கடை உயரத்துக்கு மேல் வேண்டாம். காய்வதற்கு இரண்டு நாள் ஆகும் என்பதைக் கணக்கில் கொண்டு, பிள்ளைகள் வந்திறங்கிய அன்றே தொடங்கிவிட வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ஒரு மரப்பலகையின் மேல் கட்டி, மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் பெரியவர்களுக்குப் பொறுமை தேவைப்படுகிறது. வழக்கப்படி அடுக்களை, பூசையறை, பட்டகசாலை (கூடம்) என்று அறைகள் வர வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். எது எங்கே வர வேண்டும் என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும். என் பேத்தி தன் பூனைக்கு ஓர் அறை வேண்டும் என்றாள், கட்டினோம். பேரன் மாடிப்படி வேண்டும் என்றான், மேலே மாடி இல்லாமலேயே படி கட்டினோம். கோணலான சுவரைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் நிமிர்த்திவைக்கும் ஆசை எல்லா ஆச்சிகளுக்கும் வரும். தயவுசெய்து தொடாதீர்கள். காலையில் அந்தச் சுவர் மாறியிருப்பதைக் குழந்தை கண்டுபிடித்துவிடும்.

இது பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய விழா என்று பல வீடுகளில் சொல்வதுண்டு. என் சிறு வயதில் என் தம்பி மண் சுமந்து கொடுத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அந்த முகம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. பேரன்களையும் பானைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

பானையும் அடுப்பும்

பானை வாங்கச் சந்தைக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும் மண்பானையை அவர்களே தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். புதுப் பானையை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அப்போது மண்ணின் நுண்துளைகளிலிருந்து காற்று குமிழ்களாக வெளியேறுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அடுப்பாக வைக்கும் பொங்கல் கட்டிகள் மூன்றுக்கும் சுண்ணாம்பு பூசி, காவியால் பட்டை போடுவதையும் அவர்களிடமே விட்டுவிடலாம்.

இந்தப் பானைக்கு 100 கிராம் பச்சரிசி, இரண்டு தேக்கரண்டி பாசிப்பருப்பு, 150 கிராம் வெல்லம் சரியாக இருக்கும். பால் பொங்கி வழிவதைப் பிள்ளைகள் பார்த்தே ஆக வேண்டும் என்பதால், அரிசி களைந்த நீரோடு கொஞ்சம் பால் சேர்த்துப் பானையின் கழுத்து வரை ஊற்றுங்கள். பொங்கி வழிந்ததும் மிகுதி நீரை ஒரு செம்பில் முகந்து வைத்துக்கொண்டு, அரிசியையும் பருப்பையும் போட்டு, வேக வேக அந்த நீரைச் சேர்த்துக்கொள்ளலாம். குலவையிட முன்கூட்டியே பழக்கிவையுங்கள். நாக்கைச் சுழற்றத் தெரியாத பிள்ளைகள் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தட்டும்.

வேலையை வயதுக்கேற்பப் பிரித்துக் கொடுப்பது முக்கியம். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு வேலையில் பத்து நிமிடத்துக்கு மேல் மனம் நிற்காது. அரிசியைத் தன் கையால் அள்ளிப் போடுவதும், மஞ்சள் குலையைச் சுமந்து வருவதும் அதற்குப் போதும். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் சிறுகிழங்கைச் சாக்குப்பையில் போட்டுத் தரையில் உருட்டித் தேய்த்துத் தோல் நீக்குவார்கள். இதைவிட மகிழ்ச்சியோடு அவர்கள் செய்யும் அடுக்களை வேலையை நான் பார்த்ததில்லை. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பக்கத்து வீடுகளுக்குப் போய் அழைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். “எங்க சிறுவீட்டுப் பொங்கலுக்கு வாங்க” என்று பிள்ளைகள் தாமே போய்ச் சொல்ல வேண்டும். வருகிறவர்களுக்கு வாழையிலைத் துண்டில் பொங்கலை வைத்துக் கொடுப்பதும் அவர்களாக இருக்க வேண்டும். கூச்சமுள்ள பிள்ளைக்கு உடன் ஓர் ஆளை அனுப்பலாம். பேசு பேசு என்று நெருக்க வேண்டாம்.

நெருப்பும் நீரும்

பனையோலை சட்டென்று உயரமாக எரியும். அடுப்பைச் சுற்றி நான்கடி தள்ளிக் கோலமாவால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே வரப் பெரியவர் கையைப் பிடித்திருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஓலையை அடுப்பில் தள்ளும் வேலை பெரியவர்களுடையது மட்டுமே. பட்டுப்பாவாடையைப் பூசைக்குப் பிறகு உடுத்திக்கொள்ளலாம். அடுப்பருகில் நிற்கும்போது உடலோடு ஒட்டிய பருத்தி உடைதான் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். கை சுட்டுவிட்டால் மாவோ பற்பசையோ பூசாமல், குழாய் நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். சூடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கற்கண்டு போலத் தோன்றும் அதைச் சிறு குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரக்கூடும். எனவே பூசைத் தட்டில் வைக்காமல், மூடிய டப்பாவில் உங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்குப் போகும்போது ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஆள் இருக்க வேண்டும். தாமிரபரணியில் நீர் கூடுதலாக ஓடினாலும், படித்துறையில் பாசி படர்ந்திருந்தாலும், பிள்ளைகள் மேல்படியில் நிற்கட்டும். எருவின் மேல் வெற்றிலை வைத்து அவர்கள் உங்கள் கையில் தர, நீங்கள் சூடத்தை வைத்து, இறங்கி ஆற்றில் விடுங்கள். எரு இலேசாக இருப்பதால் மிதந்து செல்லும். அதில் எழுதிய எழுத்து கண்ணுக்கு மறையும் வரை பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஆறு இல்லாத ஊரில் அகன்ற அண்டாவில் நீர் நிரப்பி விடலாம். நெகிழித் தட்டு, தெர்மாகோல் எதையும் ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மண்ணை என்ன செய்வது

பிள்ளைகள் ஊருக்குத் திரும்பியதும் சிறுவீட்டை இடித்துக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன் அவர்களே உடைத்து, அந்த மண்ணை ஒரு சாக்கில் அள்ளிக் கட்டட்டும். பானையின் அடியில் பெயரை எழுதிப் பரணில் ஏற்றிவிடலாம். தீபாவளிக்கு அவர்கள் வரும்போது அந்த மண்ணைக் கொல்லையில் கொட்டி, அதில் பூசணி விதையை அவர்கள் கையாலேயே ஊன்றச் சொல்லுங்கள். ஐப்பசியில் ஊன்றினால், மார்கழிக் கோலத்துக்கு முதலில் பூப்பவை ஆண்பூக்களாகவே இருக்கும்.